மழைக்காட்டுத் தொண்டும் தொல்குடி மொழியும்

சென்ற ஆண்டின் பள்ளி விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்னர், செராசில் உள்ள எம் இல்லத்திற்கு இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் வந்திருந்தார். தம் மாணவர் பன்னிருவரைப் பகாங் மாநிலக் காட்டிற்கு மூன்று நாள் பாதுகாப்புப் பணிக்காக அழைத்துச் செல்லும் திட்டம் அவரிடம் இருந்தது. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அட்டைக் காலுறை, தலைவிளக்கு, நீர்ப்புகாப் பை, மாற்றுடை, உப்பு, காயமருந்து என முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் இருந்தன. "விடுபட்டது ஏதேனும் உண்டா, ஐயா?" என்று வினவினார். பட்டியலைப் படித்துப் பார்த்தோம். பொருளளவில் குறையொன்றும் இல்லை. "உங்களுக்கு வழிகாட்டப் போகிறவர்கள் யார்?" என்றோம். "ஓராங் அஸ்லி மக்கள், ஐயா, பாத்தேக் என்று சொன்னார்கள்" என்றார். "அவர்கள் மொழி?" என்றோம். சற்றுத் தயங்கி, "மலாய்தானே, ஐயா?" என்றார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. இந்நாட்டில் நான்கு தலைமுறையாக வாழும் நம்மவருள் பெரும்பாலோரும் இதே விடையைத்தான் கூறுவர். ஆயினும் காடு காக்கச் செல்வோர்க்கு அந்த விடை போதாது. ஏன் போதாது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

தீபகற்ப மலேசியாவின் தொல்குடியினரை அரசு 18 குழுக்களாகப் பகுத்துள்ளது. நெக்ரிட்டோ, செனோய், தொன்மலாயர் என்னும் மூன்று பெரும்பிரிவுகளில் அவை அடங்கும். இது ஆட்சித்துறை வகுத்த பிரிவு. மொழியியலார் வகுக்கும் பிரிவு இதனோடு முற்றும் பொருந்துவதில்லை. தெமுவான், ஜாக்கூன் முதலியோர் பேசுவன மலாய்க்கு மிக நெருங்கியவை. செமாய், தெமியார், ஜஹாய், பாத்தேக், செமெலாய், மா மெரி முதலியோர் பேசும் மொழிகளோ மலாயோடு இனத்தொடர்பே இல்லாதவை. அவற்றை அஸ்லியன் மொழிகள் என்பர். கம்போடியாவின் கெமர், பர்மாவின் மோன், இந்தியாவின் சந்தாலி, காசி, நிக்கோபார்த் தீவுகளின் மொழிகள் ஆகியவற்றோடு உறவுடைய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் ஒரு கிளை அது. மலாய் இக்கரைக்கு வருமுன்னரே இங்கு வழங்கிய மொழிகளின் வழித்தோன்றல்கள் இவை என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவற்றைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதும் இல்லை. கிள்ளானுக்குத் தெற்கே உள்ள கேரித்தீவில் மா மெரி மக்கள் வாழ்கின்றனர். அத்தீவின் தோட்டங்களில் நம்மவர் பல தலைமுறை உழைத்தனர். கெமர் மொழியின் உறவுமொழி ஒன்று பக்கத்துக் கம்பத்தில் பேசப்படுகிறது என்பதை அறியாமலே அங்கே பிறந்து வளர்ந்து, படித்து வெளியேறியோர் எம் நண்பருள்ளேயே உண்டு. செராசுக்குக் கிழக்கே தெரியும் உலு லங்காட் மலைப்பகுதியிலும் சிலாங்கூரின் தென்பகுதியிலும் வாழ்வோர் தெமுவான் மக்கள். அவர்கள் மொழி மலாய்க்கு நெருங்கியது என்பதால் அதனைச் 'சிதைந்த மலாய்' என்பாரும் உளர், அது பிழை. நெருங்கிய உறவு இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் சிதைவாகிவிடாது. இதனைத் தமிழரிடம் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மொழியை அறியாமை ஒருபுறம் இருக்க, நாம் வழங்கிய ஒரு சொல்லையும் இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது. தோட்டப்புறங்களில் இம்மக்களைச் 'சக்காய்' என்றே நம் முன்னோர் சுட்டினர். மலாயிலிருந்து வந்த அச்சொல்லில் அடிமை, நாகரிகமற்றோர் என்னும் இழிபொருள்கள் படிந்திருந்தன. 1960களின் தொடக்கத்தில் அரசே அதனைக் கைவிட்டு, மூலக்குடியினர் என்னும் பொருள்படும் 'ஓராங் அஸ்லி' என்ற பெயரை ஏற்றது. ஆயினும் மூத்தோர் சிலர் வாயில் பழைய சொல் இன்னும் கேட்கிறது. நம்மைக் குறித்து வழங்கிய ஓர் இழிசொல் மலாய் அகராதியில் இடம்பெற்றபோது நாம் எத்துணை மனம் வருந்தினோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர்கள் தம்மைத் தாமே எவ்வாறு அழைக்கின்றனர்? ஜஹாய் மொழியில் 'மென்ராக்' என்றால் மக்கள். 'பாத்தேக்' என்பதற்கும் மக்கள், நம்மவர் என்றே பொருள்.

இனி, அந்த ஆசிரியர் செல்லவிருந்த பணியைப் பற்றிச் சிறிது கூறுவோம். பகாங்கின் வடபுறத்தில், தாமான் நெகாரா காட்டையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதிக்குச் சுங்கை யூ வழித்தடம் என்று பெயர். இரு பெருங்காடுகளுக்கும் இடையே விலங்குகள் நடமாட எஞ்சியிருக்கும் குறுகிய இணைப்பு அது. அதன் குறுக்கே நெடுஞ்சாலை ஒன்று செல்கிறது. விலங்குகள் கடந்து செல்லும் பொருட்டுச் சாலையைச் சில இடங்களில் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியுள்ளனர். மலேசியப் புலிப் பாதுகாப்புக் கூட்டமைப்பாகிய மைகேட் 2010 முதல் இப்பகுதியில் பொதுமக்களைத் தன்னார்வலராக அழைத்துச் செல்கிறது. அவர்கள் காட்டுத் தடங்களில் நடந்து, வேட்டையர் வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடுகின்றனர். விலங்குகளின் அடித்தடம், எச்சம், மரத்தில் கீறிய நகக்குறி ஆகியவற்றைப் பதிவு செய்கின்றனர். வெற்றிடங்களில் மரக்கன்று நடுகின்றனர். ஆள் நடமாட்டம் இருக்கும் காட்டில் திருட்டு வேட்டையர் தயங்குவர் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி மலாயாப் புலிகளின் எண்ணிக்கை 150க்கும் குறைவு. ஒரு கண்ணி இழப்பதும் ஒரு கண்ணி அகற்றுவதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது அந்த எண்ணிலேயே தெரியும்.

நகரத்திலிருந்து செல்லும் தன்னார்வலர் கண்ணுக்குக் காடு ஒரே பச்சைச் சுவராகத் தோன்றும். வழிகாட்டி நின்று, குனிந்து, ஒரு சருகைத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, ஒரு சொல் சொல்வார். அச்சொல்லில் அடங்கிய செய்தி மலாயில் முழுமையாகப் பெயர்வதில்லை, தமிழிலும் பெயர்வதில்லை. இதனை எம் ஊகமாகக் கூறவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளே இதற்குச் சான்று.

பேராக், கிளந்தான் மாநிலங்களின் வடபகுதிக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம் மணத்தைக் குறிக்கும் தனிச்சொற்கள் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு உண்டு. அசிபா மஜீத், நிக்லாஸ் பூரன்ஹுல்ட் என்னும் இரு மொழியியலார் இதனை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டனர். ஜஹாய் பேசுவோர்க்கும் ஆங்கிலம் பேசுவோர்க்கும் ஒரே மணங்களை முகரக் கொடுத்துப் பெயர் கேட்டனர். ஆங்கிலம் பேசுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நீட்டி முழக்கினர். ஜஹாயர் நிறத்திற்குப் பெயர் சொல்வது போலவே சுருங்க, தம்முள் ஒத்த முறையில் விடை கூறினர்.

அச்சொற்களின் இயல்பை நோக்குவோம். தமிழில் மல்லிகை மணம், மண்வாசனை, மீன்கவிச்சி என்று பெரும்பாலும் பொருளின் பெயரை ஒட்டியே மணத்தைச் சுட்டுகிறோம். ஜஹாய்ச் சொற்கள் அவ்வாறு ஒரு பொருளோடு கட்டுண்டவை அல்ல. ஏறத்தாழ 'ப்உஸ்' என்று ஒலிக்கும் ஒரு சொல் பழைய குடிசை, காளான், ஊசிப்போன உணவு ஆகியவற்றின் பூஞ்சை வாடைக்குப் பொது. 'ல்த்பித்' என்பது மலர், நறுமணத் தைலம், துரியன் பழம் ஆகியவற்றின் நறுமணம். (துரியனை நறுமணத்தில் சேர்ப்பதில் செராஸ் சந்தைக்காரர் எவரும் அவர்களோடு மாறுபடார்.) 'ப்ல்எங்' என்று ஒருவாறு எழுதத்தக்க மற்றொரு சொல் உண்டு, இடையே வரும் குரல்வளை அடைப்பொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. புலியை ஈர்க்கும் குருதி வாடையை அச்சொல் குறிக்கும். அணிலின் குருதி முதல் நசுக்கிய பேன் வரை அவ்வாடை உடையவை எனப்படும். காட்டில் முகாமிட்டோர்க்கு இது வெறும் அகராதிப் பொருள் அன்று. பாத்திரம் கழுவிய நீரை எங்கே கொட்டுவது, எதனை எதனருகே வைப்பது என்பனவெல்லாம் இத்தகைய சொற்களால் முடிவாகின்றன.

நம்மிடமும் இவ்வளம் ஓரளவு இருந்தது. புலவு, முடை, வெறி, விரை, நறை, கடி எனப் பழந்தமிழ் மணச்சொற்களை ஆசிரியர்கள் அறிவர். நாற்றம் என்ற சொல் நறுமணத்தைக் குறித்த நிலையினின்று கெட்ட வாடையைக் குறிக்கும் நிலைக்கு இழிந்த கதையை ஒவ்வோராண்டும் வகுப்பில் சொல்கிறோம். சொல்லும்போது, மற்றச் சொற்கள் ஏன் மறைந்தன என்று கேட்பதில்லை.

அவ்வினாவிற்கு விடையாகும் ஆய்வொன்றும் உண்டு. அசிபா மஜீத், நிக்கோல் குரூஸ்பே இருவரும் 2018இல் வெளியிட்டது அது. செமாக் பெரி, செமெலாய் என்னும் இரு குழுவினரும் நெருங்கிய உறவுடைய மொழிகளைப் பேசுவோர்; ஒத்த வெப்பமண்டலக் காட்டுச் சூழலில் வாழ்வோர். முன்னவர் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்பவர். பின்னவர் பயிரிட்டு வாழ்பவர். செமாக் பெரி மக்கள் மணங்களை நிறங்களைப் போலவே எளிதிற் பெயரிட்டனர். செமெலாய் மக்களால் அவ்வாறு இயலவில்லை. மொழிக்குடும்பமும் சூழலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் வாழ்முறை வேறானதால் இத்திறம் வேறாயிற்று என்பது ஆய்வாளர் முடிவு. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காட்டை வேலியிட்டுக் காத்து, அதில் நடந்து திரிந்தோரை வெளியே குடியமர்த்தினால் மரம் எஞ்சலாம். மரத்தை அறிந்த சொல் எஞ்சாது. அகராதியில் அச்சொல்லை எழுதி வைத்தாலும், முகர்ந்து அறிந்து வழங்க ஆளிராது.

மற்றொரு செய்தியும் தமிழ் மாணவர்க்கு இனிக்கும். செமாய் மொழியில் ஒலி, ஒளி, அசைவு, தோற்றம் ஆகியவற்றை அப்படியே கண்முன் நிறுத்தும் சொற்கள் எண்ணற்றவை. பெயர், வினை என்னும் வகைகளுள் அடங்காத அவற்றைத் தனிச் சொல்வகையாகக் கொண்டு ஜெரார் டிஃப்லாத் 1976இல் விளக்கினார். சலசல, மினுமினு, வழவழ என்று இரட்டைக்கிளவியில் பழகிய நம் செவிக்கு அக்கட்டுரையின் கருத்து அயலாகத் தோன்றாது. பிற மொழியாளர்க்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதைத் தமிழ் மாணவருக்கு ஒரே வரியில் விளக்கிவிடலாம். இவ்வகையில் இம்மொழிகளைக் கற்க நாம் பிறரினும் ஆயத்தமாகவே இருக்கிறோம்.

ஆயத்தமாக இருந்தும் தவறினோம் என்பதற்கு எம் பட்டறிவே சான்று. 1980களின் இறுதியில், ஆய்வு மாணவராய் இருந்த காலத்தில், தாப்பாவுக்கு அப்பாலுள்ள ஒரு செமாய்க் கம்பத்திற்கு யாம் சென்றோம். கையில் ஓர் ஒலிப்பதிவுப் பெட்டி. மோரிஸ் சுவாதேஷ் என்னும் அமெரிக்க மொழியியலார் வகுத்த அடிப்படைச் சொற்பட்டியல். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி எமக்கு இரண்டு பிற்பகல்களை ஈந்தார். 'உண்' என்பதற்குச் சொல் கேட்டோம். அவர் ஒரு சொல் கூறி, சற்று நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று கூறினார். எம் பட்டியலில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. முதற்சொல்லை எழுதிக்கொண்டு அடுத்த வினாவிற்குச் சென்றோம். அவர் சிரித்தது ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது.

அஸ்லியன் மொழிகள் பலவற்றில் சோறு கிழங்கு உண்பதற்கு ஒரு வினை, இறைச்சி உண்பதற்கு வேறொன்று, கனிக்கு வேறொன்று, இலைக்கறிக்கு வேறொன்று என அமைந்திருப்பதைப் பின்னாளில் படித்தறிந்தோம். உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என்று நால்வகைப் பாகுபாட்டை இளமையிலேயே மனப்பாடம் செய்த ஒரு தமிழ் மாணவருக்கு அம்மூதாட்டி ஏன் மூன்று நான்கு சொல் கூறினார் என்று வினவத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பட்டியலை நிரப்பும் விரைவே மேலோங்கி நின்றது.

அதனினும் பெரிய பிழை பின்னர் நேர்ந்தது. ஒலிநாடாவின் படியை அக்கம்பத்திற்குத் திருப்பித் தருவதாகச் சொல்லி வந்தோம், தரவில்லை. ஆய்வேட்டிற்கு எடுத்த பொருள் வேறாகிப் போனது. நாடா இட மாற்றங்களில் எங்கோ தொலைந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு பணியாக அவ்வழி சென்றபோது கம்பத்தில் இறங்கினோம். மூதாட்டி காலமாகிவிட்டார். அவர் பேரர் ஒருவர் எம்மை அடையாளம் கண்டு, "சிக்கு, பாட்டியின் குரல் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றோம். அவர் கோபிக்கவில்லை, தேநீர் கொடுத்தார். ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. காட்டிற்குத் தொண்டு செய்யச் செல்வோர் புகைப்படமும் காணொளியும் நிறையவே எடுத்து வருகின்றனர். அவற்றுள் எத்தனை மீண்டும் அக்கம்பத்தைச் சென்றடைகின்றன என்று எண்ணும்போதெல்லாம் எம் நாடாவே நினைவுக்கு வருகிறது.

கேட்கத் தெரிவதோடு கேளாமல் இருக்கத் தெரிவதும் இப்பணிக்கு வேண்டும். காட்டிற்குள் சில பெயர்களை உரக்கச் சொல்லாமை தென்கிழக்காசியத் தொல்குடியினர் பலரிடமும் உள்ள வழக்கம். மலாய்க்காரரும் காட்டில் புலியைப் பெயர் சொல்லாது 'பாக் பெலாங்', அஃதாவது வரியுடைய பெரியவர், என்பர். இரவில் பாம்பைப் 'பூச்சி' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இத்தகையதே. விலங்குகளை எள்ளி நகைத்தல் இடிமழையை வருவிக்கும் என்பது பாத்தேக் மக்களின் உறுதியான நம்பிக்கை. அவர்கள் சமயத்தை ஆராய்ந்த கிர்க் எண்டிகாட் இதனை விரிவாக எழுதியுள்ளார். குரங்கைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கும் நகரத்து மாணவர், தாம் ஏதும் தவறு செய்ததாக எண்ணார். உடன் வந்த வழிகாட்டியோ வானத்தைப் பார்ப்பார்.

இவ்வழக்கத்தின் மிக வியப்பான வளர்ச்சி ஜொகூர் ஜாக்கூன் மக்களின் கற்பூர மொழியாகும். கற்பூர மரம் தேடிக் காட்டிற்குள் செல்வோர் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென அமைந்த தனிச் சொற்களையே பேசுவர். பேச்சுத் தவறினால் கற்பூரம் அகப்படாது என்பது நம்பிக்கை. லேக், கெல்சால் என்னும் இருவர் 1894இல் இம்மொழியின் சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். தகுதி வழக்கின் வகைகளாக நன்னூல் கூறும் மங்கலம், குழூஉக்குறி என்னும் இரண்டும் இதனுள் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க. பொற்கொல்லர் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டுத் தரும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்கற்பூரம் நமக்குப் புதியதன்று. சுமத்திராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்திற்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்த லோபு துவாவில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு பொறித்தது. நம் வணிகர் துறைமுகத்தில் நின்று விலை பேசினர். மரத்தை அறிந்து கற்பூரம் கொணர்ந்தோர் காட்டு மக்கள். கல்வெட்டில் இடம்பெற்றது முன்னவர் பெயர். கற்பூர மரத்தைக் காண விரும்பும் மாணவர் பகாங் வரை செல்ல வேண்டியதில்லை. கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழக வளாகத்தில் அண்ணாந்து நோக்கினால், ஒன்றையொன்று தீண்டாது இடைவெளி விட்டு நிற்கும் அதன் உச்சிக்கிளைகள் தெரியும்.

காடு காத்தல் என்பது காட்டிற்குள் நடப்பது மட்டும் அன்று என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கோலா லங்காட் வடக்கு வனக்காப்பு நிலம் 1927இல் அறிவிக்கப்பட்ட சதுப்புக் காடு. தொடக்கத்தில் 7,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த அதில் 2020இல் எஞ்சியது ஆயிரத்திற்கும் குறைவு. அவ்வாண்டு பிப்ரவரியில், அதிலும் ஏறத்தாழ 931 ஹெக்டேரை வனக்காப்பிலிருந்து நீக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. காட்டைச் சுற்றிலும் புலாவ் கெம்பாஸ், புக்கிட் சீடிங் முதலிய தெமுவான் கம்பங்கள் உள்ளன. வனக்காப்பினின்று நிலத்தை நீக்குமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சிலாங்கூரின் சட்டம். அதன்படி 28.9.2020 அன்று விசாரணை நடந்தது. 45,000க்கும் மேற்பட்ட எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. ஆயினும் 2021 மே மாதத்தில் ஒரு பெரும்பகுதி நீக்கப்பட்டது. செய்தி ஆகஸ்டு இறுதியில்தான் வெளியாயிற்று. எழுந்த எதிர்ப்பின் பின், 8.9.2021 அன்று அம்முடிவைக் கைவிட்டு, நிலத்தை மீண்டும் வனக்காப்பில் சேர்ப்பதாக மந்திரி பெசார் அறிவித்தார்.

எதிர்ப்பு மனு எழுதியோரும் தன்னார்வலரே. அவர்களுள் பலர் அக்காட்டில் காலடி வைத்திராதவர். இப்பணியில் தெமுவான் மக்களுக்கு ஏற்கெனவே முன்னனுபவம் உண்டு. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கிலை அடுத்த புக்கிட் தம்போயில் 38 ஏக்கர் நிலம் 1995இல் எடுக்கப்பட்டபோது, பயிருக்கும் வீட்டிற்கும் மட்டுமே இழப்பீடு தரப்பட்டது. சகோங் தாசி முதலிய தெமுவான் மக்கள் வழக்குத் தொடுத்தனர். நிலத்தின் மீதும் அவர்களுக்கு உரிமை உண்டென 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அதனை உறுதி செய்தது. பட்டா இல்லாத மக்கள் தம் பரம்பரை உரிமையை எவ்வாறு மெய்ப்பிப்பர்? இத்தகைய வழக்குகளில் முதியோரின் வாய்மொழி வரலாறும், ஓடைக்கும் மேட்டிற்கும் அவர்கள் வழங்கும் பெயரும், முன்னோர் கல்லறைகளும், பாட்டன் நட்ட துரியன் மரங்களுமே சான்றாக நிற்கின்றன. ஓர் ஓடையின் பெயர் மறந்துபோனால் ஒரு சான்று குறைகிறது. இடப்பெயரை அம்மக்களின் இசைவோடு, அவர்கள் ஒலிக்கும் முறையிலேயே எழுதி, வரைபடத்தில் குறித்து அவர்களிடமே ஒப்படைத்தல் மாணவராலும் செய்யக்கூடிய தொண்டு. மரம் நடுவதற்கு அது சற்றும் தாழ்ந்ததன்று என்பது எம் கருத்து.

எனவே அவ்வாசிரியரிடம் சில செய்திகளைக் கூறினோம். தொல்குடிக் கம்பத்திற்குள் நுழைய ஜாக்கோவா என்னும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் இசைவு வேண்டும். அதற்கு மேல் கம்பத்துத் தலைவராகிய தோக் பாத்தினின் இசைவும் வேண்டும். இரண்டாவதைச் சடங்காகக் கருதலாகாது. மறுத்தால் திரும்பிவிட வேண்டும். புறப்படுமுன் மாணவர் இம்மொழிகளின் ஓசையையாவது கேட்டிருக்கட்டும், அசிக் எஃப்.எம் வானொலி செமாய், தெமியார், தெமுவான், ஜாக்கூன் மொழிகளில் ஒலிபரப்புகிறது. பாத்தேக் அதில் இல்லை. இல்லாததும் மாணவர் அறிய வேண்டிய செய்தியே. வழிகாட்டிக்கு நாட்கூலி உண்டா, எவ்வளவு, யார் தருகிறார் என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தொண்டு நம்முடையது, அவருக்கு அது தொழில். சொல் எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும். அதனை இரண்டு படியாக எழுதி, ஒன்றை அங்கேயே விட்டு வரவேண்டும். இதனைக் கூறியபோது எம் நாடாவின் கதையையும் மறைக்காமல் சொன்னோம்.

விடுமுறை முடிந்து அவர் மீண்டும் வந்தார். மாணவர் ஐந்து கண்ணிகளை அகற்ற உதவினராம்; புலியின் தடம் ஏதும் காணவில்லையாம்; அட்டைக் காலுறைக்குள்ளும் அட்டை புகுந்ததாம். பள்ளிக் குறிப்பேட்டை எம்முன் விரித்தார். ஒரு மாணவி அழகாகக் கட்டம் போட்டு, பதின்மூன்று பாத்தேக் சொற்களுக்கு இடம் விட்டிருந்தாள். 'உண்' என்ற வினைக்கு மட்டும் நான்கு கட்டங்கள். நான்கும் நிரம்பியிருந்தன, தமிழ் எழுத்தால் இயலாத ஒலிகளுக்கு மேலே சிறு கோடிட்டிருந்தாள். ஈற்றில் இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. ஏன் என்று கேட்டோம். "அந்த இரண்டு விலங்குகளின் பெயரைக் காட்டுக்குள் சொல்ல மாட்டேன், ஊருக்கு வந்த பிறகு கேளுங்கள் என்றார், ஐயா. ஊருக்கு வந்ததும் பேருந்து வந்துவிட்டது" என்றார் ஆசிரியர். வரும் ஆண்டு இறுதி விடுமுறையில் மீண்டும் செல்வதாக வழிகாட்டியிடம் சொல்லி வந்திருக்கிறார்கள். குறிப்பேட்டின் மற்றொரு படி அவர் வீட்டில் இருக்கிறது.